எதிர்க்கடைப் பலகையை ஏன் படிக்க முடிந்தது? மேனுவல் ஃபிலிம் கேமராவில் புல ஆழம்

கேள்வியின் சாரம் இது. பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவில் 50 மி.மீ. எஃப்/2 லென்ஸைப் பொருத்தி, ஐஎஸ்ஓ 400 (ஒளியுணர்வு எண்) ஃபிலிம் போட்டு, நண்பகல் வெயிலில் தெருவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தாத்தாவை 2 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். வியூஃபைண்டரில் அவர் முகம் மட்டும் துலக்கமாக இருந்தது. அவருக்குப் பின்னால் 6 மீட்டர் தள்ளியிருந்த எதிர்வரிசைக் கடைகள் வெறும் வண்ணத் திட்டுகளாகக் கரைந்திருந்தன. பிரிண்ட் கைக்கு வந்தபோது அந்தக் கடையின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க முடிகிறது. லென்ஸ் பழுதா, ஃபோகஸ் தவறா, டெப்த் ஆஃப் ஃபீல்ட் எனப்படும் புல ஆழத்தை இந்தக் கேமராவில் முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸில் பழுதில்லை, ஃபோகஸும் சரியாகவே இருந்திருக்கிறது. நீங்கள் பார்த்த காட்சியும் ஃபிலிமில் பதிந்த காட்சியும் வெவ்வேறு என்பதுதான் விஷயம். லென்ஸ் வழியாகவே காட்சியைக் காட்டும் இந்த வகை எஸ்எல்ஆர் கேமராக்களில், அப்பர்ச்சர் வளையத்தை, அதாவது ஒளி புகும் துளையின் அளவை எஃப் எண்ணால் மாற்றும் வளையத்தை, எந்த எண்ணில் வைத்தாலும், ஷட்டர் பொத்தானை அழுத்தும்வரை லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். வியூஃபைண்டர் வெளிச்சமாக இருக்க வேண்டும், ஃபோகஸ் செய்வது எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும் அந்தக் கணத்தில் லென்ஸினுள்ளே உள்ள தகடுகள் நீங்கள் வைத்த எண்ணுக்குச் சுருங்கி, படம் பதிந்ததும் மீண்டும் விரிந்துவிடும். ஃபிலிம் இல்லாத கேமராவில் ஷட்டரை ‘பி’யிலும் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) அப்பர்ச்சரை 16லும் வைத்து, லென்ஸை முன்பக்கமாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்திப் பிடித்தால் இதைக் கண்கூடாகக் காணலாம்: அகன்ற கண்ணாடி வட்டத்தின் நடுவே தகடுகள் சட்டென்று கூடி, சிறு துளை ஒன்றை மட்டும் விட்டு நிற்கும், விரலை எடுத்ததும் விலகிவிடும்.

ஆகவே நீங்கள் கண்ணால் பார்த்தது, துளை முழுதாகத் திறந்த எஃப்/2 காட்டும் தெரு. பதிந்ததோ, அந்த வெயிலுக்கு ஒளிமானியின் முள் நடுவில் நிற்பதற்காக நீங்கள் திருப்பிவைத்த எஃப்/11 அல்லது எஃப்/16 காட்டும் தெரு. கே1000 வியூஃபைண்டரில் ஒளிமானியின் முள்ளைத் தவிர அப்பர்ச்சர் எண்ணோ ஷட்டர் வேகமோ தெரியாது என்பதால், எந்த எண்ணில் இருக்கிறோம் என்பதே மறந்துபோவது இயல்பு. இந்தக் கேமராவில் புல ஆழம் வியூஃபைண்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் விஷயம் அன்று. லென்ஸின் உடலில் பொறித்திருக்கும் எண்களைப் படித்து, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன்பே முடிவு செய்யும் விஷயம். கீழே சொல்வதெல்லாம் அந்த எண்களை எப்படிப் படிப்பது, எங்கே அவற்றை நம்பக் கூடாது என்பதைப் பற்றியதே.

முதலில் புல ஆழம் என்றால் என்ன என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். லென்ஸை 2 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், கண்டிப்பான பொருளில் 2 மீட்டரில் இருக்கும் ஒரே ஒரு தளம்தான் தெளிவாகப் பதியும். அதற்கு ஒரு விரற்கடை முன்னாலோ பின்னாலோ உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஃபிலிமில் புள்ளியாக விழாமல் ஒரு சிறு வட்டமாக விழும். தளத்தைவிட்டு விலக விலக வட்டம் பெரிதாகும். அந்த வட்டம் ஓர் அளவுக்குக் கீழே இருக்கும்வரை நம் கண் அதைப் புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும். 35 மி.மீ. ஃபிலிமுக்கு அந்த அளவு சுமார் 0.03 மி.மீ. என்று லென்ஸ் செய்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கிறார்கள். 8க்கு 10 அங்குலப் பிரிண்டாக நெகட்டிவை ஏறக்குறைய எட்டு மடங்கு பெரிதாக்கினால் அந்த வட்டம் கால் மில்லிமீட்டர் ஆகும்; புத்தகம் படிக்கும் தொலைவில் பிடித்துப் பார்க்கும்போது சாதாரணக் கண்ணுக்கு அது புள்ளியாகவே படும். ‘இங்கிருந்து இதுவரை ஷார்ப்’ என்று சொல்லப்படுவதெல்லாம் இந்த ஏற்பாட்டை ஒட்டிய கணக்கே தவிர, லென்ஸுக்குள் அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது. அதே நெகட்டிவை 4க்கு 6 அங்குலத்தில் அச்சிட்டால் புல ஆழம் கூடியது போலத் தோன்றும். ஸ்கேனைக் கணினித் திரையில் முழு அளவுக்கு விரித்து மூக்கைத் தேய்த்துக்கொண்டு பார்த்தால் குறைந்தது போலத் தோன்றும்.

இனி கணக்குகள். 0.03 மி.மீ. அளவை ஏற்றுக்கொண்டு, உங்கள் 50 மி.மீ. லென்ஸை 2 மீட்டரில் வைத்தால், எஃப்/2ல் 1.91 மீட்டரிலிருந்து 2.10 மீட்டர்வரை, அதாவது ஒரு சாண் அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும். எஃப்/8ல் அது 1.68 மீட்டரிலிருந்து 2.46 மீட்டர்வரை விரியும், எஃப்/16ல் 1.46 மீட்டரிலிருந்து 3.2 மீட்டர்வரை. எண் கூடக்கூடத் துளை சிறுக்கிறது, துளை சிறுக்கச் சிறுக்க ஒளிக்கூம்பு ஒடுங்குகிறது, கூம்பு ஒடுங்கினால் வட்டமும் சிறுக்கிறது. இது எல்லோரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது.

அப்பர்ச்சரைவிட வலுவான காரணி தொலைவு என்பதைத்தான் பலரும் தாமதமாக உணர்கிறார்கள். எஃப்/2லேயே வைத்துக்கொண்டு 1 மீட்டருக்கு நெருங்கினால் புல ஆழம் 4.6 செ.மீ.யாகச் சுருங்கும், 2 மீட்டரில் 19 செ.மீ.; 4 மீட்டரில் 77 செ.மீ. தொலைவு இரட்டிக்கும்போது ஆழம் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அப்பர்ச்சரில் இதே மாற்றத்தைப் பெற நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும் அல்லது இரட்டிக்கும் ஒரு படி) நகர வேண்டும். பின்னணியைக் கலைக்க நினைப்பவர் முதலில் நகர்த்த வேண்டியது வளையத்தை அல்ல, காலை.

‘தெளிவில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால்’ என்று ஒரு விதியைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மேலே உள்ள எண்களை வைத்தே அதைச் சோதிக்கலாம். 2 மீட்டரில் எஃப்/2ல் முன்னால் 9 செ.மீ., பின்னால் 10 செ.மீ.; கிட்டத்தட்டச் சரிபாதி. அதே தொலைவில் எஃப்/16ல் முன்னால் 54 செ.மீ., பின்னால் 120 செ.மீ.; இங்கே விதி ஓரளவு பொருந்துகிறது. இன்னும் தள்ளி ஃபோகஸ் செய்தால் பின்பக்கம் முடிவிலிவரை ஓடிவிடும். ஏதோ ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டும் உண்மையாகும் விஷயத்தை விதி என்று மனப்பாடம் செய்துகொள்வதில் பயனில்லை.

இப்போது உங்கள் பெயர்ப்பலகைக்கு வருவோம். எஃப்/11ல், 2 மீட்டரில், புல ஆழம் 2.7 மீட்டரோடு முடிந்துவிடுகிறது. பலகையோ 8 மீட்டரில் இருக்கிறது. புல ஆழத்துக்கு வெகுவாக வெளியே இருந்தும் அதை எப்படிப் படிக்க முடிகிறது? புல ஆழத்துக்கு வெளியே இருப்பது மங்கும் என்பது மட்டுமே உறுதி. அடையாளம் தெரியாமல் போகும் என்பதற்கு உறுதி எதுவுமில்லை. எவ்வளவு மங்கும் என்பதை மனக்கணக்காகப் போட ஓர் எளிய வழி இருக்கிறது. லென்ஸ் துளையின் விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50ஐ எஃப் எண்ணால் வகுத்தால் மில்லிமீட்டரில் அது கிடைக்கும். ஆளுக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள தொலைவை, கேமராவுக்கும் ஆளுக்கும் இடையே உள்ள தொலைவால் வகுத்து, வரும் எண்ணால் அந்த விட்டத்தைப் பெருக்குங்கள். பின்னணியில் உள்ள ஒவ்வொரு புள்ளியும், அந்தப் பின்னணியின் மீதே அளந்தால், எவ்வளவு அகலமான வட்டமாகப் பூசப்படுகிறது என்பது விடையாக வரும்.

எஃப்/11ல் துளை சுமார் 4.5 மி.மீ. தாத்தாவிலிருந்து பலகை 6 மீட்டர், கேமராவிலிருந்து தாத்தா 2 மீட்டர். ஆக மூன்று மடங்கு. பலகையின் மீது 13 அல்லது 14 மி.மீ. அகலத்துக்குப் பூச்சு. கடைப் பலகையில் எழுத்து 10 செ.மீ. உயரம் இருந்தால், ஒன்றரை செ.மீ.கூட வராத இந்தப் பூச்சு அதன் விளிம்பைத்தான் மென்மையாக்கும், வடிவத்தைக் கெடுக்காது. எஃப்/2ல் துளை 25 மி.மீ.; பூச்சு 75 மி.மீ. எழுத்து ஒன்றோடொன்று குழம்பி வண்ணத் திட்டாகிவிடும். வியூஃபைண்டரில் நீங்கள் பார்த்தது அதைத்தான். எஃப்/11ஐ மாற்றாமல் தாத்தாவை 1 மீட்டருக்கு நெருங்கியிருந்தால் ஆறு மடங்கு, அதாவது 27 மி.மீ. பூச்சு கிடைத்திருக்கும். புல ஆழ அட்டவணைகளைவிட இந்தப் பெருக்கல், பின்னணியைப் பற்றிய கேள்விக்கு நேரடியாக விடை தருகிறது என்பது என் கருத்து. அட்டவணை எது தெளிவாக இருக்கும் என்று மட்டும் சொல்லும். எது எவ்வளவு கெடும் என்று சொல்லாது.

அந்த வெயிலில் எஃப்/2ஐப் பயன்படுத்தியிருக்க முடியுமா என்றால், முடியாது. நல்ல வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் வேகம் ஏறக்குறைய ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்க வேண்டும் என்ற பழைய கணக்குப்படி, ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப்/16ல் 1/500 நொடி. அங்கிருந்து எஃப்/2க்கு ஆறு ஸ்டாப். ஷட்டர் 1/32,000 நொடிக்குப் போயாக வேண்டும். கே1000 ஷட்டரின் உச்ச வேகம் 1/1000. அதில் எஃப்/11தான் பொருந்தும். ஆகவே வெயிலும் ஃபிலிமும் சேர்ந்து உங்கள் அப்பர்ச்சரை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமாக இருந்தால் அதே 1/1000ல் எஃப்/5.6வரை திறந்திருக்கலாம். வண்ண நெகட்டிவ் ஃபிலிம் இரண்டு ஸ்டாப் கூடுதல் வெளிச்சத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் என்பதால், துணிந்தால் ஐஎஸ்ஓ 400லேயே எஃப்/5.6 வைத்திருக்கலாம், ஸ்லைடு ஃபிலிமில் இந்தத் துணிச்சல் கூடாது. நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் மூன்று ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டர் போட்டால் எஃப்/4. இவை எல்லாவற்றையும்விடச் சுலபமானது, நாற்காலியை வானம் தெரியும் நிழலுக்கு நகர்த்துவது: அங்கே வெளிச்சம் நான்கு ஸ்டாப் அளவுக்குக் குறையும், 1/1000ல் எஃப்/2.8 கிடைக்கும், முகத்தில் கண்குழி நிழலும் விழாது.

லென்ஸின் குவியத் தூரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரே இடத்தில் நின்றுகொண்டு 28 மி.மீ. லென்ஸைப் போட்டால் ஆழம் கூடும், 85 மி.மீ. போட்டால் குறையும். 2 மீட்டரில், 28 மி.மீ. எஃப்/2.8 தருவது 88 செ.மீ.; 85 மி.மீ. எஃப்/2 தருவது ஆறரை செ.மீ.க்கும் குறைவு. ஆனால் முகம் சட்டத்தில் ஒரே அளவில் இருக்கும்படி நீங்கள் நகர்ந்துகொண்டால் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடும். எஃப்/4ல், 50 மி.மீ. லென்ஸை 2 மீட்டரிலும் 100 மி.மீ. லென்ஸை 4 மீட்டரிலும் வைத்துக் கணக்கிட்டால் இரண்டிலும் ஆழம் 38 செ.மீ.க்குச் சற்றே கீழேதான். நீண்ட லென்ஸ் பின்னணியை அதிகம் கரைப்பது போலத் தோன்றக் காரணம், அது பின்னணியின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது. மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்: இரட்டை அகலத் துளை, ஆனால் ஆளுக்கு இரட்டைத் தொலைவு; பலகையின் மீது விழும் பூச்சு மாறவே இல்லை. கைபேசிக் கேமராவுக்கும் இதே கணக்குத்தான். அதன் துளையே சில மில்லிமீட்டர்தான் என்பதால் முன்னும் பின்னும் எல்லாமே தெளிவாக விழுகின்றன. போர்ட்ரெய்ட் மோடில் வரும் கலங்கல் மென்பொருள் சேர்ப்பது. கைபேசியிலிருந்து ஃபிலிமுக்கு வருபவர்கள் முதல் ரோலில் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி லென்ஸைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பர்ச்சர் வளையத்துக்கும் ஃபோகஸ் வளையத்துக்கும் நடுவே அசையாத பட்டை ஒன்று இருக்கும். அதன் மையத்தில் ஒரு குறி. அதன் இருபுறமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே எண்கள், மையத்துக்கு அருகே சிறிய எண்ணும் விலக விலகப் பெரிய எண்ணுமாக, கோடுகளோடு பொறிக்கப்பட்டிருக்கும். இடம் போதாததால் எல்லா எஃப் எண்களும் அங்கே இருக்காது. விடுபட்டவற்றை இடையே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். நிக்கானின் பழைய ஏஐ லென்ஸ்களில் எண்ணுக்குப் பதிலாக வண்ணக் கோடுகள் இருக்கும். அப்பர்ச்சர் வளையத்தில் அந்தந்த எண் அதே வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கும். மையக் குறிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிவப்புப் புள்ளியோ கோடோ சில லென்ஸ்களில் இருக்கும். அது அகச்சிவப்பு ஃபிலிமுக்கானது, புல ஆழத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

படிக்கும் முறை இதுதான்: ஃபோகஸ் செய்த பின், நீங்கள் வைத்திருக்கும் எஃப் எண்ணின் இரு கோடுகளுக்கும் நேரே ஃபோகஸ் வளையத்தில் எந்தத் தொலைவுகள் நிற்கின்றன என்று பாருங்கள். அவை இரண்டும்தான் தெளிவின் அருகெல்லையும் தொலையெல்லையும். அடிக்கும் மீட்டருக்கும் பெரும்பாலும் தனித்தனி நிறத்தில் எண்கள் இருக்கும். ஒரு பக்கம் அடியையும் மறுபக்கம் மீட்டரையும் படித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேனுவல் லென்ஸ்களில் ஃபோகஸ் வளையம் நீண்ட தூரம் திரும்புவதால்தான் இந்தக் கோடுகளுக்கு நடுவே படிக்கத்தக்க இடம் இருக்கிறது. ஆட்டோஃபோகஸ் காலத்து லென்ஸ்களில் கால்வட்டம்கூடத் திரும்பாத வளையங்கள் வந்தபின் இந்த அளவுகோல் சுருங்கிப் பின்னர் பலவற்றில் காணாமலே போனது.

இதன் உண்மையான பயன் திருப்பிப் படிப்பதில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் மூன்று வரிசையாக உறவினர்களை நிறுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசையில் நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஃபோகஸ் செய்து வளையத்தைப் பார்க்கிறீர்கள், 3 மீட்டர். மேடைப் படியில் நிற்கும் கடைசி வரிசைக்குச் செய்தால் 5 மீட்டர். இப்போது வியூஃபைண்டரை விட்டுவிட்டு, 3ம் 5ம் மையக் குறிக்கு இருபுறமும் ஒரே எஃப் எண்ணின் கோடுகளில் விழும்படி வளையத்தைத் திருப்புங்கள். உங்கள் 50 மி.மீ. லென்ஸில் அது 5.6 என்று வரும். மையக் குறி 4 மீட்டரில் நிற்காது, 3.75 மீட்டருக்கு அருகே நிற்கும். நடுவரிசைக்காரரின் மூக்குக்கு ஃபோகஸ் செய்வதைவிட இது துல்லியமானது. எஃப்/8 வைத்துவிட்டால் கொஞ்சம் கைக்காவலும் ஆகிறது. இந்தக் கேமராவில் ஃப்ளாஷ் பயன்படுத்தும்போது ஷட்டர் 1/60ஐத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; தாண்டினால் படத்தில் ஒரு பகுதி இருண்டுவிடும்.

தெருவில், திருவிழாவில், தேர் வரும்போது, ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் செய்ய நேரமிருக்காது. எஃப்/11ல் 5 மீட்டரை வைத்துவிட்டால் 3 மீட்டரிலிருந்து 14 மீட்டர்வரை உங்கள் வசம். அந்த எல்லைக்குள் வரும் எவரையும் வளையத்தைத் தொடாமலே எடுக்கலாம். எஃப்/8ல் அது 3.4லிருந்து 9.5 மீட்டர்வரை. வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் தாத்தா படத்தில் தொல்லையாக இருந்தது அல்லவா, இங்கே அதுவே வசதி.

இதன் நீட்சிதான் ஹைப்பர்ஃபோகல் தொலைவு, அதாவது தெளிவு முடிவிலிவரை எட்டும்படி ஃபோகஸ் செய்யக்கூடிய மிக அருகான தொலைவு. எஃப்/11 வைத்திருந்தால், படுத்திருக்கும் எட்டு போன்ற முடிவிலிக் குறியை ஒரு பக்கத்து 11 கோட்டின் மீது நிறுத்துங்கள். மையக் குறி சுமார் 7.6 மீட்டரைக் காட்டும், மறுபக்கத்து 11 கோடு 3.8 மீட்டரைக் காட்டும், 3.8 மீட்டரிலிருந்து முடிவிலிவரை எல்லாம் புல ஆழத்துக்குள். எஃப்/16ல் இது 2.6 மீட்டரிலிருந்து தொடங்கும். 28 மி.மீ. லென்ஸில் எஃப்/11லேயே 1.2 மீட்டரிலிருந்து. ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்த, ஃபோகஸ் வளையமே இல்லாத பெட்டிக் கேமராக்கள் இந்த ஒரே தத்துவத்தில்தான் ஓடின.

ஆனால் இயற்கைக் காட்சி எடுப்பவர்களுக்கு ஹைப்பர்ஃபோகல் தொலைவை ஒரு மந்திரம் போலக் கற்பிப்பதை நான் ஏற்பதில்லை. அந்த ஏற்பாட்டில் தொலைதூர மலை ‘ஏற்கத்தக்க மங்கலின்’ விளிம்பில், சரியாக 0.03 மி.மீ. வட்டத்தில் நிற்கிறது. சிறிய பிரிண்டில் தெரியாது. 12க்கு 18 அங்குலமாகப் பெரிதாக்கினால் மலைமுகட்டு மரங்கள் பஞ்சாகத் தெரியும். படத்தின் உயிர் மலையில் இருந்தால் பேசாமல் முடிவிலியிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். எஃப்/11ல் அப்போதும் 7.6 மீட்டரிலிருந்து தெளிவு கிடைக்கும். முன்னால் உள்ள பாறையும் வேண்டும், பெரிய பிரிண்டும் வேண்டும் என்றால், லென்ஸை எஃப்/11ல் வைத்து, அளவுகோலில் 5.6 கோடுகளைப் படியுங்கள். இரண்டு ஸ்டாப் கடுமையாகப் படிப்பது வட்டத்தைப் பாதியாக்கும்.

‘அப்படியென்றால் எஃப்/22க்கே போய்விடலாமே’ என்றால், அங்கே வேறொரு தடை இருக்கிறது. துளை மிகச் சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து விரியும். எஃப்/22ல், சரியாக ஃபோகஸ் ஆன புள்ளிகூட ஃபிலிமில் ஏறக்குறைய 0.03 மி.மீ. வட்டமாகவே விழும், நாம் எதை மங்கலின் எல்லை என்று வைத்தோமோ அதே அளவு. எல்லாம் ஒரே சீராகத் தெளிவு, ஆனால் எதுவுமே கூர்மையாக இல்லை என்ற நிலை அது. 35 மி.மீ. கேமராவில் வேறு வழியில்லாதபோது மட்டும் எஃப்/16ஐத் தாண்டுங்கள். 1932ல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர்களான ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலானோர் சான் பிரான்சிஸ்கோவில் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்று பெயர் வைத்தது பெரிய தட்டுக் கேமராக்களை மனத்தில் கொண்டு. 8க்கு 10 அங்குல நெகட்டிவில் எஃப்/64 தரும் ஆழம், ஒரே காட்சிக் கோணத்துக்கு, நம் கேமராவில் எஃப்/9 தரும் ஆழத்துக்குச் சமம். நெகட்டிவை அவர்கள் பெரிதாக்க வேண்டியதும் குறைவு.

எதிர்முனையில், நெருங்கி எடுக்கும் முகப்படங்களில் அளவுகோல் உதவாது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அங்கே வியூஃபைண்டரின் மையத்தில் உள்ள நுண்பட்டக (மைக்ரோபிரிசம்) வட்டத்தில் மினுமினுப்பு அடங்கும் கணத்தை நம்ப வேண்டும். எஃப்/2ல் 1 மீட்டரில் கிடைப்பது 4.6 செ.மீ.; முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண்தான் தெளிவாகும், அது அருகிலிருக்கும் கண்ணாக இருக்கட்டும். நடுவட்டத்தைக் கண்ணில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு சட்டம் அமைக்கக் கேமராவைத் திருப்புவது எல்லோருக்கும் பழக்கம். 15 பாகை திருப்பினால் ஃபோகஸ் தளம் அந்தக் கண்ணைவிட 3.4 செ.மீ. பின்னால் போய்விடும். முன்பக்கத்தில் உங்களுக்கு இருந்த இடமோ 2.2 செ.மீ. எனவே முதலில் சட்டத்தை அமைத்துக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே உள்ள சொரசொரப்புக் கண்ணாடியில் கண் இமையைப் பார்த்து ஃபோகஸ் செய்யப் பழகுங்கள். அல்லது எஃப்/4க்குப் போய்விடுங்கள். லென்ஸின் மிகக் குறைந்த தொலைவான 45 செ.மீ.யில் எஃப்/2ல் ஒரு சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது, எஃப்/8லும் மூன்றரைதான். அங்கே வளையத்தைத் திருப்புவதைவிட, தொலைவை வைத்துவிட்டு உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பிடிப்பது எளிது.

கடைசியாக, உண்மையான அப்பர்ச்சரில் காட்சியைப் பார்க்கவே முடியாதா என்ற கேள்வி. நிக்கான் எஃப்எம்2, எஃப்எம்10 ஆகியவற்றில் லென்ஸை ஒட்டி அதற்கென்று ஒரு நெம்புகோல் இருக்கிறது. கேனன் ஏஇ-1லும் உண்டு. ஒலிம்பஸ் ஓஎம் வரிசையில் அந்தப் பொத்தான் லென்ஸிலேயே இருக்கும். ஜெனிட் கேமராக்களோடு வந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸில் நீங்களே கையால் மூடித் திறக்க வேண்டும் என்பதால் வேண்டாமலே தெரிந்துவிடும். விலையைக் குறைப்பதற்காக எளிமையாக்கப்பட்ட கே1000ல் இது இல்லை. லென்ஸ் விடுவிப்புப் பொத்தானை அழுத்தி லென்ஸைச் சற்றே திருப்பினால் உள்ளே உள்ள நெம்பு விடுபட்டு, தகடுகள் வைத்த எண்ணுக்குச் சுருங்கும்; பார்த்துவிட்டு மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். மற்றொரு கையால் லென்ஸைத் தாங்கிக்கொள்ளாமல் இதைச் செய்யக் கூடாது. எஃப்/16ல் வியூஃபைண்டருக்கு வரும் வெளிச்சம் எஃப்/2ல் வந்ததில் 64ல் ஒரு பங்குதான். கண் அந்த இருட்டுக்குப் பழகப் பத்து நொடியாவது கொடுத்தால்தான் பலகையின் எழுத்து எழுந்து வருவது தெரியும்.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு மாறினால் இந்த வசதியும் இல்லை. அதன் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை என்பதால் முன்னும் பின்னும் எல்லாம் எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராக்களில் நீங்கள் பார்ப்பது மேலே உள்ள எஃப்/2.8 லென்ஸ் வழியாக, படம் எடுப்பது கீழே உள்ள எஃப்/3.5 லென்ஸ். கீழ் லென்ஸை எஃப்/16க்குச் சுருக்கினாலும் மேல் லென்ஸ் எஃப்/2.8லேயே இருக்கும். இந்த இரண்டு வகையிலும் லென்ஸைச் சுற்றியோ ஃபோகஸ் குமிழைச் சுற்றியோ பொறித்திருக்கும் அளவுகோல் மட்டுமே துணை.

பழைய லென்ஸை வாங்கும்போது கண்ணாடியில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், தொலைவில் உள்ள கோபுரத்துக்கோ கைபேசிக் கம்பத்துக்கோ ஃபோகஸ் செய்து வளையம் முடிவிலிக் குறியில் போய் நிற்கிறதா என்று பாருங்கள். யாரோ பிரித்துப் பூட்டிய லென்ஸில் வளையம் இடம் மாறியிருந்தால், கண்ணால் செய்யும் ஃபோகஸ் சரியாகவே இருக்கும். ஆனால் அளவுகோலில் படிக்கும் ஒவ்வொரு எண்ணும் பொய் சொல்லும்.